வீட்டுச் சாமானை வருடக்கணக்கில் பூட்டி வைக்கப் போகிறீர்களா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

கும்பகோணத்தில் சாமானைப் பூட்டி வைப்பதும் கோயம்புத்தூரில் பூட்டி வைப்பதும் ஒன்றில்லை. பேக்கிங் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளில் முக்கால்வாசி தூசு, உடைசல், திருட்டு இந்த மூன்றைச் சுற்றியே இருக்கும். நம் பக்கம் அதெல்லாம் அப்புறம். இங்கே சாமானைக் கெடுப்பது ஈரம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் கிணற்றில் மட்டம் ஏறும், கூடவே தரையிலும் சுவரிலும் ஓதம் ஏறும், ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாது, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் போனால் காற்றிலேயே உப்பு. ஈரம் வந்த இடத்தில் பூசணம் பூக்கும், கரையான் ஏறும், இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை பச்சை கட்டும்.

அதனால் வெளிநாட்டு வேலைக்கு இரண்டு மூன்று வருடம் போகிறவர்களுக்கும், பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களுக்கும், பிள்ளைகளோடு சென்னையிலோ பெங்களூரிலோ போய் இருக்கப் போகிற பெரியவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நன்றாகக் காய வைத்துக் கட்டுங்கள், தரையில் படாமல் தூக்கி வையுங்கள், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். மீதி விவரம் எல்லாம் இந்த மூன்றை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் கழித்துக் கட்டுங்கள்

வாடகைக்கு இடம் எடுத்து வைப்பதாக இருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 2,000 ரூபாய் வாடகை என்றால் மூன்று வருடத்தில் 72,000 ரூபாய். நீங்கள் வைக்கப் போகிற பத்து வருடப் பழைய ஃப்ரிட்ஜ், பார்ட்டிகிள் போர்டு அலமாரி, உட்கார்ந்தால் அமுங்கும் சோபா எல்லாவற்றையும் சேர்த்து விற்றால் அந்தத் தொகை வருமா? வராது. அப்படியானால் அதையெல்லாம் இப்போதே கொடுத்துவிடுவதுதான் லாபம். பார்ட்டிகிள் போர்டு சாமான் ஒரு மழைக்காலம் ஈர அறையில் இருந்தாலே ஓரமெல்லாம் உப்பிக்கொள்ளும், அப்புறம் திருகாணி நிற்காது. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், திரும்பி வந்து புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் போட்டால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து செத்துப் போகும், பூட்டிய அறையில் ஆசிட் கசிந்தால் அது வேறு தலைவலி. விற்றுவிடுங்கள், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

வைக்க வேண்டியவை எவை என்றால் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் அதே தரத்தில் கிடைக்காதவை. தேக்குக் கட்டில், ஊஞ்சல் பலகை, அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டா, வெண்கலப் பானை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பட்டுப் புடவைகள், கொலுப் பொம்மைகள், புத்தகங்கள். வாங்கி இரண்டு மூன்று வருடமே ஆன வாஷிங் மெஷினும் ஏசியும் வைக்கலாம்.

எந்தக் காரணத்துக்கும் உள்ளே வைக்கக் கூடாதவை சில உண்டு. பத்திரம், பட்டா, பாஸ்போர்ட், சான்றிதழ், நகை, இவை வங்கி லாக்கருக்கோ உங்கள் கைப்பைக்கோ போக வேண்டியவை. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட் தொகைக்கான சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், காலி சிலிண்டர்தானே என்று மூலையில் உருட்டி வைக்காதீர்கள். பெயிண்ட், தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல், பட்டாசு மிச்சம் எதுவும் வேண்டாம். அப்புறம் சாப்பாட்டுச் சாமான். அரிசி, பருப்பு, அப்பளம், கத்திரி வெயிலில் கஷ்டப்பட்டுப் பிழிந்த வடாம் என்று மனசு கேட்காமல் ஒரு டப்பா உள்ளே போனால் போதும், அந்த ஒரு டப்பாவுக்காக வரும் எலி மொத்த அறையையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

எப்போது கட்டுவது

கிளம்பும் தேதி உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கட்டும் தேதி பெரும்பாலும் உங்கள் கையில்தான். மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். பங்குனி சித்திரை வெயிலில் மர சாமான், மெத்தை உறை, பாத்திரம், டிரங்குப் பெட்டி எல்லாம் உலர்ந்து கணீரென்று இருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-க்கு அப்புறம் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிடும், அதற்கு முன்பே பெரிய சாமான்களை முடித்துவிட்டால் நிம்மதி. கொள்முதல் நிலையத்தில் நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள் இல்லையா, அந்தக் கறாரை உங்கள் பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு சாமானிடமும் காட்டுங்கள். ஈரத்தோடு கட்டிய பெட்டிக்கு மழைக்காலம் வர வேண்டியதில்லை, அது கட்டிய அன்றைக்கே கெட ஆரம்பித்துவிடும்.

ஐப்பசியிலேயே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு அறையைக் காலி செய்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு நாலைந்து நாள் சாமானை விரித்துப் போட்டுக் காய வையுங்கள். ஏசி இருந்தால் அதைவிட நல்லது, அது அறையின் ஈரத்தை இழுத்து வெளியே சொட்ட வைக்கும்.

இடம் பார்ப்பது

நம் ஊர்களில் பெரும்பாலானவர்கள் சொந்த வீட்டிலேயே ஒரு அறையை ஒதுக்கிப் பூட்டிவிட்டு மீதியை வாடகைக்கு விடுகிறார்கள், அல்லது அண்ணன் தம்பி வீட்டு மாடியில் போடுகிறார்கள். பெரிய நகரங்களில் மாத வாடகைக்குத் தனி அறையோ கூண்டோ கொடுக்கும் ஸ்டோரேஜ் இடங்கள் உண்டு, சில பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்காரர்களும் தங்கள் கிடங்கில் இடம் தருவார்கள். எதுவாக இருந்தாலும் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். 2008 நிஷா புயல் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது, 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா கரையைக் கடந்தபோது இந்தக் கூரைக்கு என்ன ஆயிற்று. நிஷா சமயத்தில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அந்த மாதிரி நாளைத் தாங்குமா என்றுதான் இடத்தைப் பார்க்க வேண்டும், சித்திரை மாதத்தில் பளபளவென்று இருக்கிறதே என்று பார்த்துப் பிரயோசனமில்லை. டீக்கடைக்காரர் சொல்வது இடத்துக்காரர் சொல்வதைவிட உண்மையாக இருக்கும்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கிடங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றுக்குப் பயம் ஒரு பக்கம், கோடையில் உள்ளே வேகும் சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்து, மர ஒட்டு விட்டு, பசை இளகிவிடும். தளம் போட்ட கட்டடத்தில் தரைத்தளமும் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர் கீழேயும் முடிந்தால் வேண்டாம், நடுத்தளம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரை ஓதம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கெட்டியான பாலித்தீன் தாளை இரண்டடிச் சதுரமாக வெட்டித் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது அந்த இடத்துத் தரை மட்டும் கறுத்திருந்தால், கீழிருந்து ஈரம் ஏறுகிறது. சுவருக்கும் இதையே செய்யலாம். குளியலறைக்கும் சமையலறைக்கும் முதுகு கொடுத்த அறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், குழாய் எங்கே எப்போது கசியும் என்று சொல்ல முடியாது. சின்ன டிஜிட்டல் ஈரமானி விலை குறைவுதான், ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள், 60 சதவீதத்துக்குள் இருந்தால் சந்தோஷம், 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் நிச்சயம்.

வாடகை இடமானால் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள், சலிப்பாக இருந்தாலும் படியுங்கள். பூட்டு யாருடையது, நீங்கள் சொல்லி அனுப்பும் ஆள் வந்து திறக்கலாமா, பூச்சி மருந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிறார்கள், தண்ணீர் புகுந்தால் யார் பொறுப்பு. வாடகை பாக்கி விழுந்தால் சாமானை விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். இருந்தால் வாடகை தானாக வங்கிக் கணக்கிலிருந்து போக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால், வேறு முகவரியில் இருக்கிற சாமானுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரையானும் எலியும்

நம் வீடுகளில் சாமானை அரிக்கும் கரையான் மண்ணிலிருந்து வருவது. அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும், அதனால்தான் மண்ணைக் குழைத்துச் சுவரில் சுரங்கம் கட்டிக்கொண்டே ஏறுகிறது. சாமானைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தச் சுரங்கம் பின்னால் இருப்பதே உங்களுக்குத் தெரியாது, அலமாரிக் கதவைத் திறக்கும்போது உள்ளே மண் கொட்டும், அன்றைக்குத்தான் தெரியும். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைத்து, கீழே மரப்பலகைக்குப் பதில் இரும்பு ஸ்டாண்டோ பிளாஸ்டிக் பேலட்டோ போட்டு அரையடி உயர்த்துங்கள். நம் பழைய வீடுகளில் நெல் பத்தாயத்துக்குக் கால் வைத்துத் தூக்கி வைத்ததும் இதற்காகத்தான். செங்கல் அடுக்கித் தூக்கினால் கரையான் செங்கல் மேலேயும் ஏறும், ஆனால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், அதுவே பாதிப் பாதுகாப்பு. வீடு பழையது, ஏற்கெனவே நிலைக்கதவில் அரிப்பு இருக்கிறது என்றால் ஆளை வைத்துச் சுவரோரம் துளை போட்டு மருந்து செலுத்திவிட்டு அப்புறம் சாமானை ஏற்றுங்கள். மேலே மருந்தைத் தெளித்துவிட்டுப் போகிற வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எலிக்கு விஷம் வைக்காதீர்கள். பூட்டிய அறையில் அது எங்கே போய்ச் செத்தது என்று தேடுவது யார்? ஓட்டையை அடைப்பதுதான் வழி. குழாய் வெளியே போகும் இடம், ஏசி பைப் துளை, கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி, கழிவுநீர்க் குழாய் வாய் எல்லாவற்றுக்கும் கம்பி வலையும் சிமெண்ட்டும். வெறும் துணியையும் தெர்மாகோலையும் திணித்தால் எலி அதையே கூடு கட்ட எடுத்துக்கொள்ளும்.

பெட்டி, உறை, உலர்த்தி

மளிகைக் கடையில் கேட்டு வாங்கும் அட்டைப்பெட்டியின் மடிப்புக்குள் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டைதான் என்றால் புதிதாக வாங்குங்கள். என் அபிப்பிராயத்தில் நம் தட்பவெப்பத்துக்கு அட்டையே சரிப்படாது, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும், ஓரம் துருப்பிடிக்காத பழைய டிரங்குப் பெட்டியும், வாய் அகன்ற நீல டிரம்மும் நல்லவை. காற்றுப் புகாத பெட்டிக்குள் முழுக்க உலர்ந்த சாமான் மட்டும்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். செருப்புப் பெட்டியில் வரும் பொடிப் பொடி சிலிக்கா ஜெல் பொட்டலத்தால் டிரங்குப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. கிலோவாக வாங்கித் துணிப் பையில் கட்டிப் போடுங்கள். நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் ரோஸ் நிறமாகும், வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும் (அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்). டப்பாவில் தண்ணீராகச் சேரும் கால்சியம் குளோரைடு வகையைத் தரையில் தனியாக வைக்கலாம். அலமாரிக்குள், துணிக்கு மேலே வைக்காதீர்கள். நிறைந்து வழிந்தால் அது உப்புத் தண்ணீர்.

அந்துருண்டை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதோடு சூடத்தைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கி எண்ணெய் மாதிரி ஒழுகும், புடவையில் கறை விழும். பிளாஸ்டிக்கிலும் உருண்டை நேராகப் படக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் திரும்பி வந்து அந்தத் துணியை அப்படியே உடுத்திவிடாதீர்கள், காற்றாட விட்டுத் துவைத்த பிறகுதான். வேப்பிலை போடுவதாக இருந்தால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டு வரும்.

துணி

பருத்திப் புடவை, வேட்டியில் போட்ட கஞ்சியை அலசி எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கஞ்சி என்றால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. பட்டுப் புடவையில் வியர்வைக் கறை, சந்தனக் கறை எதுவும் இல்லாமல் சுத்தம் செய்து, நிழலில் உலர்த்தி, துவைத்த பழைய மல் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் ஜரிகை கறுக்கும். புடவைக் கடையில் கொடுக்கும் பளபளப் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், உள்ளே வேர்க்கும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை மடிப்போரம் விரிந்துவிடும், ஆகவே அறையைத் திறந்து பார்க்க வருபவர் பெண்ணாக இருந்து, அவருக்குப் பொறுமையும் இருந்தால் மடிப்பை மாற்றச் சொல்லலாம். யாரும் இல்லையென்றால் தட்டையாக மடிக்காமல் வழவழப்பான உருளையில் துணி சுற்றி அதன் மேல் புடவையைச் சுருட்டி வைப்பது நல்லது, திருபுவனத்தின் விசிறி மடிப்பு என்றாலும் சரி, சுருட்டிவிடுங்கள், அழகைத் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பித்தளை, வெண்கலம், வெள்ளி

இங்கேதான் நிறையப் பேர் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுக்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்த விளக்கைச் சரியாகக் கழுவாமல் வைத்தால் புளியின் அமிலம் மூலை முடுக்கில் தங்கிப் பச்சை கட்டும். தேய்த்த பிறகு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் சூடேறக் காய வையுங்கள். குத்துவிளக்கைக் கழற்றித் தனித்தனியாகக் காய வையுங்கள், திருகு மரையில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். பளபளப்பு போகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் உண்டு, நீண்ட நாளைக்கு அது வேண்டாம். எண்ணெய் சிக்குப் பிடித்து, அதன் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகிவிடும். வாசலினை மிக மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட்டால் போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், முக்கியமாக வெள்ளிச் சாமானுக்கு. ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்பு வளையம் போட்டுவிடும். வெள்ளியைத் துணியில் சுற்றி ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள், விலை உள்ளது லாக்கருக்கே போகட்டும்.

சுவாமிமலை வார்ப்புச் சிலை இருந்தால் அதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், காலத்தால் வந்த நிறம்தான் அதன் மதிப்பு. உலர்ந்த தூரிகையால் தூசு தட்டித் துணியில் சுற்றி நிற்க வைத்தால் போதும்.

ஓவியம், வீணை, கொலு, புத்தகம்

தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை இருக்கிறது, அதன் மேல் துணி, அதன் மேல் சாக்பொடியும் பசையும் கலந்து எழுப்பிய மேடு, மேலே தங்கத்தாளும் கல்லும். ஈரம் பட்டால் மேடு விடும், பசைக்குப் பூச்சி வரும், சூடு ஏறினால் பலகை வளையும். கண்ணாடிச் சட்டத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கும். பின்பக்கம் பலகையில் பொடிப் பொடியாக மாவு உதிர்கிறதா என்று பாருங்கள், உதிர்ந்தால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி இருக்கிறது, ஓவியரிடம் காட்டிச் சரி செய்த பிறகுதான் கட்ட வேண்டும். பருத்தித் துணி, அதன் மேல் தெர்மாகோல் மூலைகள், அப்புறம் பெட்டி. நிற்க வையுங்கள், படுக்க வைத்து மேலே எதையும் ஏற்றாதீர்கள். இந்தச் சாமானுக்கு மட்டும் இன்னொரு யோசனை: முடிந்தால் பூட்டவே பூட்டாதீர்கள். நம்பிக்கையான உறவினர் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிடுங்கள், ஆள் புழங்கும் வீட்டுச் சுவரைவிட நல்ல கிடங்கு அதற்கு இல்லை.

வீணைக்கும் இதே நியாயம் பொருந்தும். பலா மரம் சூட்டிலும் ஈரத்திலும் விரியும், மெட்டுகள் பதித்திருக்கும் மெழுகு வெயில் ஏறிய அறையில் இளகி நகர்ந்துவிடும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, கடினப் பெட்டியில் வைத்து, மொட்டை மாடிக்கு நேர் கீழே இல்லாத குளிர்ச்சியான அறையில் வைக்க வேண்டும். மிருதங்கத்தின் தோலை எலி விடாது, அதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை யாருக்காவது கொடுத்து வைப்பதே புண்ணியம்.

கொலுப் பொம்மைக்கு வழக்கமாகச் செய்வதுதான், பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மண் பொம்மை கீழே, காகிதக்கூழ்ப் பொம்மை மேலே. புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பாதீர்கள், தூக்குகிற ஆள் போட்டுவிடுவார். சின்னப் பெட்டியாக, முதுகு நிமிர்ந்து நிற்கும்படி, திணிக்காமல். பூச்சிக்கு வசம்பு நல்லது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துத் துணி முடிச்சில் வைக்கும் வழக்கம் உண்டு, அந்த முடிச்சை நாமும் கட்டிப் பெட்டிக்கு ஒன்று போடலாம். வாசம் போனதும் மாற்ற வேண்டும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

மர சாமான்

மரத்தை ஸ்ட்ரெட்ச் ஃபிலிமில் மம்மி மாதிரி சுற்றாதீர்கள். பாலிஷ் மேல் நேராக பபுள் ராப் பட்டால் குமிழ் குமிழாகத் தடம் விழும். பருத்திப் போர்வை போர்த்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும். கட்டிலைக் கழற்றி, சட்டங்களில் வலது இடது என்று பென்சிலால் எழுதி, திருகாணிகளைப் பையில் போட்டு அந்தக் கட்டில் தலைமாட்டிலேயே கட்டிவிடுங்கள். பீரோக் கதவையும் டிராயரையும் சற்றுத் திறந்தபடியே வையுங்கள். பிரம்பு நாற்காலி ஈரத்துக்குச் சட்டென்று பூசணம் பிடிக்கும், வெயிலில் காய வைத்து மேல் அடுக்கில் தொங்கவிட்ட மாதிரி வையுங்கள்.

மின்சாதனம்

ஃப்ரிட்ஜை இரண்டு நாள் முன்னதாக அணைத்து, உருக வைத்து, ரப்பர் ஓரத்தின் மடிப்பையெல்லாம் துடைத்துக் காய விடுங்கள். பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும், அதில் தண்ணீர் நிற்கும், அதை மறந்தால் உள்ளே கொசு வளர்த்த மாதிரி. கதவை முழுசாக மூடாதீர்கள், துணியைச் சுருட்டி இடுக்கில் வைத்து விரலளவு திறந்தே இருக்கும்படி கயிற்றால் கட்டுங்கள், மூடினால் திரும்பி வரும்போது உள்ளே கறுப்புப் பூசணமும் மூக்கைப் பொத்த வைக்கும் வாடையும்தான். வாஷிங் மெஷினில் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வடித்து, ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை எடுங்கள். முன்பக்கம் துணி போடும் வகையானால் வாங்கியபோது கூடவே வந்த டிரான்ஸிட் போல்ட்டைப் பூட்டாமல் வண்டியில் ஏற்றாதீர்கள், டிரம் ஆடி உடையும்.

ஏசியைக் கழற்றும் மெக்கானிக்கிடம் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், சிலர் அப்படியே புஸ்ஸென்று காற்றில் விட்டுவிடுவார்கள். செம்புக் குழாயின் வாயை டேப் போட்டு மூட வேண்டும். ஆர்.ஓ. மெஷினின் ஃபில்டர்களையும் மெம்ப்ரேனையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் உடலைக் காய வைத்து வையுங்கள், வந்ததும் புதிது மாட்டிக்கொள்ளலாம். ரிமோட், சுவர்க் கடிகாரம், டார்ச், பொம்மை எதிலும் பேட்டரி இருக்கக் கூடாது. கிரைண்டர் கல்லை வெயிலில் நன்றாகக் காய வைத்து, குழவியைத் தனியாகச் சுற்றி வையுங்கள். டிவியைப் படுக்க வைக்காதீர்கள்.

அடுக்குவதும் பட்டியலும்

பெட்டிக்கு எண் போடுங்கள், இரண்டு பக்கம் போடுங்கள். "சமையலறை" என்று எழுதிய பெட்டி ஏழு இருந்தால் எழுதியும் பிரயோசனமில்லை. எண் 14, உள்ளே இட்லிக் குக்கர், சட்னி ஜார், பூரிக்கட்டை என்று நோட்டில் எழுதி, மூடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து, அதையே உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். கனமானது கீழே, உடைவது மேலே, திரும்பி வந்த முதல் நாள் தேவைப்படுவது (பாய், ஒரு செட் பாத்திரம், பக்கெட், விளக்குமாறு) கதவை ஒட்டி. நடுவில் ஆள் நுழைய ஒரு சந்து விடுங்கள். வாடகை மிச்சம் என்று கூரை வரை அடைத்தால் கரையான் வந்ததையும் பார்க்க முடியாது, நடுவில் இருக்கும் பெட்டியையும் எடுக்க முடியாது.

பூட்டிய பிறகு

யாராவது ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து திறக்க வேண்டும், முக்கியமாகப் புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை, பொங்கல் கழிந்து ஒருமுறை. வருபவர் வெயில் நாளில் காலை பத்து மணிக்கு மேல் வந்து, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. மழை நாளில் திறந்தால் வெளி ஈரத்தை உள்ளே அழைத்த மாதிரி. சுவரோரம் மண் சுரங்கம், தரையில் எலிப் புழுக்கை, கூரையில் நீர்த்தடம், ஈரமானியில் எண், இந்த நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் சித்தப்பாவாகவே இருந்தாலும் போக்குவரத்துக்கும் கைக்கும் ஏதாவது கொடுத்துவிடுங்கள், சும்மா சொன்ன வேலை இரண்டாவது முறையே நின்றுவிடும். சொந்த வீட்டில் வைத்திருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லையும் கவனியுங்கள். 100 யூனிட்டுக்குள் இருந்து ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பாக்கியை விட்டுவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், அப்புறம் ஃபேன் போட வருபவர் இருட்டில் நிற்பார்.

திரும்பி வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் பிளக்கில் செருகாதீர்கள். வண்டியில் வந்த ஃப்ரிட்ஜ் சில மணி நேரம் நிமிர்ந்து நிற்கட்டும், வழியில் படுக்க வைத்திருந்தால் ஒரு நாள் முழுதும் நிற்கட்டும். மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாவற்றின் ஒயரையும் எலி கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். பெட்டிகளைத் திண்ணையிலோ வாசலிலோ வைத்துப் பிரியுங்கள், வீட்டுக்குள் பிரித்தால் உள்ளே இருந்த பூச்சியும் சேர்ந்து குடிவந்துவிடும்.